எத்தனை பேர்? பூகம்பம் முடிஞ்ச பிறகு போடுற கணக்கு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு அப்படியே கிடந்த விஷயம். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு சாவகாசமா உட்கார்ந்து படிங்க.

பூகம்பம் எப்போது வரும், எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியாது. இந்த ஊர், இந்த நாள், இவ்வளவு பெரிசு என்று சொல்லி ஜெயித்த விஞ்ஞானி இன்றுவரை ஒருவர்கூட இல்லை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு, நாய் ஊளை விட்டுச்சு கதையெல்லாம் தனிப்பதிவுக்கு வச்சுக்கலாம். இந்தப் பதிவு வேற ஒரு ஆரூடத்தைப் பற்றி. பூமி குலுங்கி முடிந்த பிறகு, அரை மணி நேரத்துக்குள், எத்தனை பேர் செத்திருப்பார்கள், எத்தனை பேர் குற்றுயிராக மாட்டிக்கிட்டு இருப்பார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுச் சொல்வது.

வந்து முடிஞ்சப்புறம் என்னய்யா ஜோசியம், டிவியைப் போட்டாத் தெரிஞ்சிடுமே என்கிறீர்களா? தெரியாது. அதான் மேட்டரே.

1976 ஜூலை 28, விடிகாலை 3:42. சீனாவில் தாங்ஷான் என்ற நிலக்கரி நகரம் சில விநாடிகளில் தரைமட்டம். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர். கட்டடம் விழுந்தது, கரண்ட் போனது, தந்தி, தொலைபேசி எல்லாம் போனது. பெய்ஜிங்கிலும் நிலம் ஆடியது. ஆனால் மையம் எங்கே என்று அங்கிருந்தவர்களுக்கு உடனே பிடிபடவில்லை. கடைசியில் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் சுரங்கத்து சிவப்பு ஆம்புலன்ஸ் ஒன்றைக் கிளப்பிக்கிட்டு, இடிந்த சாலைகளில் விரட்டி, காலை எட்டு மணி வாக்கில் தலைநகரத்துக்குப் போய்த் தலைவர்களிடம் நேரில் சொன்ன பிறகுதான் "தாங்ஷான் என்ற ஊரே இல்லை" என்பது அரசாங்கத்துக்கு முழுசாத் தெரிந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் 2,42,000 பேர் செத்த பூகம்பம். அதன் சேதி கார் ஏறிப் போக வேண்டியிருந்தது.

சரி, அது மாவோ காலத்துச் சீனா, மூடி வைத்த நாடு என்று சொல்லலாம். ஜப்பானைப் பாருங்க. 1995 ஜனவரி 17, காலை 5:46, கோபே நகரம். உலகத்திலேயே பூகம்பத்துக்கு அதிகம் தயாரான நாடு. அங்கேயும் முதல் சில மணி நேரம் டோக்கியோவில் இருந்தவர்களுக்கு நிலைமையின் கனம் உறைக்கவில்லை. முதல் நாள் சொன்ன சாவு எண்ணிக்கை கடைசி எண்ணிக்கையான 6,434-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இதில் ஒரு விதி ஒளிஞ்சிருக்கு. அலமாரியில் இருந்து பாத்திரம் விழுந்த ஊர்க்காரன் உடனே போன் பண்ணுவான். ஓடு சரிந்த ஊரில் இருந்து நிருபர் செய்தி அனுப்புவார். ஊரே விழுந்த இடத்தில் இருந்து எந்தச் சத்தமும் வராது. வரைபடத்தில் வந்த தகவலை எல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தால் மெதுவடை மாதிரி இருக்கும். சுத்தி முழுக்கத் தகவல், நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளேதான் ஜனங்க செத்துக்கிட்டு இருப்பாங்க. முதல் நாள் செய்தியில் "12 பேர் பலி" என்று வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடாது என்பது இந்தத் துறைக்காரர்களின் பாலபாடம்.

எண்ணிக்கை ரெண்டு நாள் கழிச்சுத் தெரிஞ்சா என்ன குடிமுழுகிப் போகுது என்றால், இங்கேதான் மருத்துவம் வருது. கிட்னி வழியா வருது.

1940-41-ல் லண்டன் மேல் ஜெர்மன்காரன் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம். இடிபாட்டில் மணிக்கணக்காகக் கால் நசுங்கிக் கிடந்தவர்களைத் தோண்டி எடுத்து ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வரும்போது நல்லாத்தான் இருந்தார்கள். பேசினார்கள். சில நாளில் சிறுநீர் குறைந்து, கறுத்து, செத்துப்போனார்கள். எரிக் பைவாட்டர்ஸ் என்ற டாக்டர் இதைக் கவனித்து 1941-ல் எழுதினார். நசுங்கிய தசையில் இருந்து கசியும் பொருட்கள், பாரம் நீங்கியதும் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடுகின்றன. கூடவே பொட்டாசியம் எகிறி இதயத்தையே நிறுத்திவிடும். அதாவது, பாறையைத் தூக்கிக் காப்பாற்றுகிற அந்த நிமிஷமே ஆபத்தான நிமிஷம். ஆளை வெளியே இழுக்கும் முன்பே கையில் ஊசி குத்தி சலைன் ஏற்ற ஆரம்பித்தால் பலருக்கு சிறுநீரகம் பிழைக்கும். தாமதமாகிவிட்டால் டயாலிசிஸ்தான். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்தால் பெரும்பாலானவர்களுக்கு சிறுநீரகம் தானாகவே திரும்ப வேலை செய்யும். இதைப் படிச்சப்போ எனக்கு என்னவோ செஞ்சது. மூன்று வாரம் ஒரு மெஷின் கிடைச்சா அறுபது வயசு வரை வாழப்போற ஆள் அது.

ஆனா டயாலிசிஸ் மெஷினை அரிசி மூட்டை மாதிரி ஹெலிகாப்டரில் இருந்து போட முடியாது. சுத்தமான தண்ணீர் வேணும், கரண்ட் வேணும், பழகிய நர்ஸ் வேணும். ஐம்பது பேருக்கா ஐநூறு பேருக்கா என்று தெரியாமல் கிளம்பவே முடியாது. அங்கே கேட்கிறதுக்கோ ஆள் இல்லை.

தெரியாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்மீனியா உதாரணம். 1988 டிசம்பர் 7, காலை 11:41. ஸ்பிடாக் நகரம் அழிந்தது. லெனினாகான் (இன்றைய கியூம்ரி) நகரத்தில் சோவியத் காலத்து ஒன்பது மாடிக் குடியிருப்புகள் சீட்டுக்கட்டு போலச் சரிந்தன. 25,000 பேர் சாவு. மருத்துவமனைகளும் விழுந்தன, டாக்டர்களோடு. கோர்பச்சேவ் அன்று நியூயார்க்கில் ஐ.நா.வில் பேசிக்கொண்டிருந்தார், பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பனிப்போர்க் காலத்திலும் மேற்கு நாடுகளை உள்ளே விட்டார்கள். உலகமே கிளம்பி வந்தது. நசுங்கல் நோயாளிகள் நூற்றுக்கணக்கில். டயாலிசிஸ் மெஷின்களும் நிபுணர்களும் பல நாடுகளில் இருந்து வந்து குவிந்தார்கள், ஆனால் யார் எங்கே போவது, எந்த மெஷினுக்கு எந்தக் குழாய் என்பதில் ஒரே குளறுபடி.

மருந்துக் கதை இன்னும் மோசம். குறைந்தது 5,000 டன் மருந்தும் மருத்துவச் சாமானும் வந்து இறங்கின. அதைப் பிரித்து அடுக்கி என்னதான் வந்திருக்கு என்று தெரிந்துகொள்ள 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது! உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருந்தது 30 சதவீதம்தான். காலாவதியானது கொஞ்சம், பனியில் உறைந்து வீணானது கொஞ்சம், யாருக்கும் புரியாத மொழியில் லேபிள் ஒட்டினது கொஞ்சம். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை எல்லாம் தானம் பண்ணிட்டாங்க போல. நல்ல மனசுதான், இல்லைங்கல.

அந்த அனுபவத்துக்குப் பிறகு சிறுநீரக டாக்டர்களின் சர்வதேச சங்கம் பேரிடருக்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதற்குப் பெரிய பரீட்சை 1999 ஆகஸ்ட் 17, துருக்கியின் மர்மரா பகுதியில், விடிகாலை 3:02-க்கு. அதிகாரபூர்வ சாவு 17,000-க்கு மேல். சிறுநீரகப் பாதிப்போடு பதிவானவர்கள் 639 பேர், அதில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இந்த முறை பணிக்குழு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து, துருக்கி டாக்டர்களைக் கேட்டு, அளவு பார்த்து அனுப்பியது. 639 பேரில் செத்தவர்கள் சுமார் 15 சதவீதம். நோயின் தீவிரத்தைப் பார்த்தால் இது நல்ல கணக்கு.

இப்ப விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். எத்தனை பேர் என்று எப்படிக் கணிப்பது?

வெறும் ரிக்டரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. (நம்ம பத்திரிகைகள் இன்னும் ரிக்டர் ரிக்டர்னு எழுதிக்கிட்டு இருக்கு. விஞ்ஞானிகள் அதைக் கைவிட்டுப் பல வருஷமாச்சு.) 1989 அக்டோபர் 17-ல் கலிஃபோர்னியாவின் லோமா பிரியேட்டா பூகம்பம், அளவு 6.9. சாவு 63. 1993 செப்டம்பர் 30-ல் நம்ம மகாராஷ்டிராவின் கில்லாரி, அளவு 6.2. வெளிப்பட்ட ஆற்றலில் அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். சாவு ஒன்பதாயிரத்துக்கு மேல். வித்தியாசம் பூமியில் இல்லை, சுவரில். கில்லாரியில் மண் சாந்து வைத்து அடுக்கிய கல் சுவர், மேலே கனத்த மண் கூரை. நேரம் விடிகாலை 3:56. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஊரே அசந்து தூங்கிக்கொண்டிருந்த ராத்திரி. கலிஃபோர்னியாவில் மாலை ஐந்து மணி, பேஸ்பால் இறுதிப்போட்டி பார்க்கப் பாதிப்பேர் சீக்கிரமே வீடு போயிருந்தார்கள், சாலை காலியாக இருந்தது, வீடுகள் மரவீடுகள்.

சுவரையும் நேரத்தையும் ஆளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தவர்கள் தொற்றுநோய் ஆய்வாளர்கள்தான். காலரா பரவுவதை எப்படி வீடு வீடாக எழுதுவார்களோ அதே மாதிரி. 1976 பிப்ரவரியில் குவாத்தமாலா பூகம்பத்துக்குப் பிறகு ரோஜர் கிளாஸும் கூட்டாளிகளும் ஒரு கிராமத்தை எடுத்து வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். செத்தவர்கள், பலத்த அடிபட்டவர்கள் அத்தனை பேரும் பச்சைச் செங்கல் வீடுகளில் இருந்தவர்கள். இன்னொன்றும் கண்டார்கள். அம்மாவை ஒட்டிப் படுத்திருந்த கைக்குழந்தையை விட, அதற்கு மூத்த பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. அம்மா ஒரு பிள்ளையைத்தான் அணைக்க முடிந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதையெல்லாம் சூத்திரமாக்கியவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்த ஆண்ட்ரூ கோபர்னும் ராபின் ஸ்பென்ஸும். 1992-ல் வெளியிட்டார்கள். பார்க்கப் பயமா இருக்கும், உண்மையில் ஆறாம் வகுப்புப் பெருக்கல்தான். சும்மா பேச்சுக்கு நாமே ஒரு கிராமத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கல்வீடு இடிஞ்சது. வீட்டுக்கு 5 பேர், ஆகமொத்தம் 2,000. ராத்திரி நேரம், நூற்றுக்கு 90 பேர் உள்ளே, அதாவது 1,800. அதில் வெளியே ஓட முடியாமல் மாட்டியவர்கள் 30 சதவீதம் என்று வைப்போம், 540. மாட்டியவர்களில் விழுந்த நொடியே செத்தவர்கள் 20 சதவீதம், 108. மிச்சம் 432 பேர் உயிரோடு உள்ளே இருக்காங்க.

ஐந்தாவது பெருக்கல்தான் கடைசி. இந்த 432-ல் எத்தனை பேர் மீட்பதற்குள் சாவார்கள்? ஊரே செயலற்றுப்போய் யாரும் தோண்டாவிட்டால், கல், செங்கல் வீடுகளுக்கு அவர்கள் சொன்னது 95 சதவீதம். அதாவது 410 பேர். பக்கத்து வீட்டுக்காரன் கையில் கடப்பாரையோடு ஓடிவரும் நிலையில் ஊர் இருந்தால் 60 சதவீதம், 259 பேர். தீயணைப்புப் படை மாதிரி அவசரப் படையும் சேர்ந்தால் 50. நாய், கேமரா சகிதம் வெளியூர் நிபுணர்கள் ஒன்றரை நாள் கழித்து வந்து சேர்ந்தால் 45. பார்த்தீங்களா? டிவியில் நாம கைதட்டுற ஆளுங்க குறைக்கிறது ஐந்து புள்ளி. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் குறைச்சது முப்பத்தைந்து. நிபுணர்களைக் குறை சொல்லலை, அந்த ஐந்து புள்ளியும் மனுஷங்கதான். ஆனால் முதல் நான்கு எண்ணும் பூமி ஆடி நின்றதும் முடிந்துபோனவை. ஐந்தாவதை மட்டும்தான் நம்மால் மாற்ற முடியும், அதுவும் கடிகாரம் ஓடிக்கொண்டே மாறும். அரை மணி நேரத்தில் கணக்கு வேண்டும் என்று அலைவது இதற்காகத்தான்.

கோபே பட்ட சூட்டில் ஜப்பான் 1996-லேயே தானியங்கி முறை ஒன்றைத் தொடங்கியது. ஆட்டத்தின் வேகம் பதிவானதும் கணினி தானே கட்டடச் சேதம், சாவு இரண்டையும் அரை மணி நேரத்துக்குள் மதிப்பிட்டு அதிகாரிகளுக்கு அனுப்பும். ஜெனிவாவில் மாக்ஸ் விஸ் 2001-ல் ஒரு அமைப்பைத் தொடங்கி, உலகில் எங்கே பெரிய பூகம்பம் வந்தாலும் கணிப்பை மின்னஞ்சலில் அனுப்ப ஆரம்பித்தார். இமயத்தில் பெரிய பூகம்பம் வந்தால் ஒன்றரை லட்சம் பேர் வரை சாகலாம் என்று 2005 ஆரம்பத்தில் எழுதியவர் இவர். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 'பேஜர்' 2007 முதல் நடப்பில் இருக்கிறது. டேவிட் வால்டும், பம்பாய் ஐஐடியில் ஆராய்ச்சி செய்துவிட்டுப் போன கிஷோர் ஜெய்ஸ்வாலும் அதன் பின்னால் உள்ள முக்கியமான ஆட்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆட்டம், அங்கே எவ்வளவு ஜனம், அந்த நாட்டு வீடுகள் கடந்த காலத்தில் எப்படி விழுந்திருக்கின்றன, மூன்றையும் பெருக்கி ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள், 99 பேர் வரை. ஆரஞ்சு, 999 வரை. சிவப்பு, ஆயிரத்துக்கு மேல். ஒரே எண்ணைச் சொல்லாமல் இந்த வரம்புக்குள் இருக்க இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருக்கு.

மனுஷங்க வாயால் சொன்ன கணிப்பு எப்படி இருந்தது? 2001 ஜனவரி 26, பூஜ். ஒரு லட்சம் பேர் செத்திருக்கலாம் என்றார் அப்போதைய ராணுவ அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். கடைசி அதிகாரபூர்வக் கணக்கு 13,805. ஆனால் காயம்பட்டவர்கள் 1,67,000! செத்தவர் ஒருவருக்கு அடிபட்டவர் மூன்று பேர் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. அதை நம்பிப் போயிருந்தால் இங்கே ஒண்ணுக்குப் பன்னிரண்டு. பூஜின் பெரிய ஆஸ்பத்திரியும் இடிந்துபோய், மைதானத்தில் கூடாரம் போட்டு எலும்பு கட்டினார்கள். (அதே ஆஸ்பத்திரியைப் பிறகு, ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பர்-ஈயத் தாங்கிகள் மேல் நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள்.) நேர்மாறாக ஈரானின் பாம், 2003 டிசம்பர் 26. செத்தவர்கள் சுமார் 26,000, காயம் சுமார் 30,000. பச்சைச் செங்கல் பொடிப்பொடியாக உதிர்ந்து, மூச்சுவிட இடுக்கே வைக்காமல் மூடிவிட்டது. அங்கேயும் முதலில் 40,000-க்கு மேல் என்று சொல்லி, சில மாதம் கழித்துக் குறைத்தார்கள்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26. நம்ம கடற்கரைக்கு வந்த சாவுக்குக் கல்லும் இல்லை, சுவரும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர். கட்டட ஆட்டத்தை வைத்துப் போடுகிற எந்தக் கணக்கிலும் நாகப்பட்டினம் வராது. சுனாமியில் காயத்தின் கணக்கும் வேறு. போனவர்கள் போனார்கள், கரையேறியவர்களில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஒப்பீட்டில் குறைவு. எலும்பு டாக்டரை விடக் குடிதண்ணீர்தான் முக்கியம்.

கணினி தடுமாறுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பெருக்கலில்தான். அந்த நேரத்தில் ஜனங்க எங்கே இருந்தாங்க? ரெண்டு சனிக்கிழமையைச் சொல்றேன். 2005 அக்டோபர் 8, சனிக்கிழமை காலை 8:50, காஷ்மீர். பாகிஸ்தானில் சனிக்கிழமை பள்ளி உண்டு, வகுப்பு ஆரம்பித்த நேரம். பள்ளிக்கூடங்கள் விழுந்து 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை பகல் 11:56, நேபாளம். அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன, உள்ளே பிள்ளைகள் இல்லை. கிராமத்து ஜனம் வயலில் இருந்தது. மொத்தச் சாவு ஒன்பதாயிரம் அளவில் நின்றது. ஒரே கிழமை, ஒரே மலைத்தொடர். கணிப்பவர் அந்த நாட்டு லீவு நாள் அட்டவணையும் கையில் வச்சிருக்கணும்.

அட்டவணை கையில் இருந்தாலும் பிடிபடாத ஒன்று பூஜ் பக்கத்திலேயே நடந்தது. பூஜ் பூகம்பம் காலை 8:46. குடியரசு தினம், பள்ளி லீவு. கணக்குப்படி பிள்ளைகள் வகுப்பில் இல்லை, தப்பிச்சாங்க என்று எழுதலாம். அஞ்சார் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் அந்த நேரம் வீட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. குடியரசு தின ஊர்வலத்தில் ஒரு குறுகலான தெரு வழியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் அவர்கள் மேல் சரிந்தன. 185 பிள்ளைகள், 20 ஆசிரியர்கள். 2022-ல் அந்த ஊரில் அவர்களுக்கு நினைவிடம் திறந்தார்கள்.